அடைப்பு இல்லை, ஆனாலும் நகரவில்லை: சிறுகுடல் ஸ்தம்பித்து நிற்பது ஏன்?

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர், தையலைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காற்று பிரிஞ்சுதா?" நாலு பேர் நிற்கும் இடத்தில் இப்படி ஒரு கேள்வியா என்று நோயாளி நெளிவார். பக்கத்தில் நிற்கும் உறவினர் சிரிப்பை அடக்கிக்கொள்வார். ஆனால் அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் சாப்பாட்டை எவ்வளவு தூரம் கூட்டலாம், சலைனை நிறுத்தலாமா, ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்குமா என்பதெல்லாம் பெருமளவு முடிவாகிறது. அசையாமல் கிடந்த குடல் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு, எந்தக் கருவியும் இல்லாமல் கிடைக்கும் சாட்சி அது.

குடல் இப்படி அசைவற்றுக் கிடக்கும் நிலைக்கு மருத்துவத்தில் 'இலியஸ்' என்று பெயர். கேஸ் ஷீட்டில் 'பாராலிட்டிக் இலியஸ்' என்று எழுதியிருப்பார்கள். தமிழில் குடல் செயலிழப்பு என்று சொல்வதுண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கவாதம் போல நிரந்தரமான ஏதோ ஒன்று மனதில் வந்து பயமுறுத்துகிறது. இங்கே நடப்பது அதுவல்ல. நரம்பு அறுந்துபோகவில்லை, தசை செத்துப்போகவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, அசைவு மட்டும் நின்றிருக்கிறது. அதனால் ஸ்தம்பித்தல் என்ற சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருப்பதை முதலில் தீர்த்துவிடலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் பெயர் இலியம். இடுப்பெலும்பு ஒன்றுக்கும் தமிழில் எழுதினால் அதே இலியம்தான். இலியஸ் என்பது உறுப்பின் பெயர் அல்ல, நிலையின் பெயர். சுருளுதல், முறுக்குதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பழங்கால மருத்துவர்கள் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலம் போகாமல் தவிக்கும் எல்லோருக்கும் அந்த ஒரே பெயரைத்தான் சூட்டினார்கள். குடலுக்குள் எதுவோ அடைத்திருக்கிறதா, இல்லை குடலே நின்றுவிட்டதா என்று பிரித்துப் பார்க்க அவர்களிடம் வழியில்லை. அந்தப் பழைய குழப்பத்தின் எச்சம் இன்றும் இருக்கிறது. பித்தப்பைக் கல் ஒன்று நழுவி வந்து சிறுகுடலை அடைத்துக்கொண்டால் அதை 'கால்ஸ்டோன் இலியஸ்' என்கிறார்கள். அது அப்பட்டமான அடைப்பு. ஸ்தம்பித்தலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தக் கட்டுரை அடைப்பே இல்லாமல் நிற்கும் குடலைப் பற்றியது. அது ஏன் நிற்கிறது என்று புரிய வேண்டுமானால், எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

குடலுக்குள் ஓடும் கடிகாரம்

பெரியவர்களுக்குச் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதன் சுவரில் இரண்டு தசை அடுக்குகள் இருக்கின்றன. ஒன்று வளையம் வளையமாக, மற்றொன்று நீளவாக்கில். இரண்டுக்கும் நடுவில் வலை பின்னியதுபோல நரம்புப் பின்னல் ஒன்று ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லியோபோல்ட் ஆவர்பாக்கின் பெயரால் அதை அழைக்கிறார்கள். உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை இப்படிப் பரவியிருக்கும் நரம்பு செல்கள் மொத்தம் 10 கோடிக்கும் மேல். மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் இவை தாங்களாகவே முடிவெடுக்கும். குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, ஆக்சிஜன் கலந்த வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் போட்டு வைத்தால், உடலை விட்டு வந்த பிறகும் அது பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும்.

தசைகளுக்கு இடையில் இன்னொரு வகை செல்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ கஹாலின் பெயரைத் தாங்கியவை அவை. இவைதான் குடலின் கடிகாரம். சிறுகுடலின் தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 12 மின்னலைகள், கடைசியில் சுமார் 8. மேலே வேகம் அதிகம், கீழே குறைவு. அதனால் ஒட்டுமொத்த ஓட்டமும் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கிறது. ஆனால் இந்த மின்னலை மட்டும் தசையைச் சுருக்கிவிடாது. அலை வரும் நேரத்தில், 'சரி, சுருங்கலாம்' என்று நரம்புப் பின்னலும் சம்மதிக்க வேண்டும். அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் அந்தச் சம்மதம். கடிகாரம் துடிக்கும்போதும் சம்மதம் வராமல் போகலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இலியஸின் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு குடல் பெரும்பாலும் பிசையும் வேலையைத்தான் செய்கிறது, தள்ளுவது குறைவு. வயிறு காலியாக இருக்கும்போதுதான் பெரிய துப்புரவு நடக்கும். 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை வலுவான அலை ஒன்று இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கிளம்பி, மிச்சம் மீதி உணவு, உதிர்ந்த செல், பாக்டீரியா எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டு கீழே போகும். பசிக்கும்போது வயிறு 'கடமுட' என்று சத்தம் போடுவது பெரும்பாலும் இந்தத் துப்புரவின் சத்தம்தான். குடல் ஸ்தம்பிக்கும்போது இந்தப் பெருக்கலும் நின்றுபோகிறது. அப்புறம் பாக்டீரியா தேங்குவதற்குக் கேட்கவா வேண்டும்.

கை பட்டால் நிற்கும்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு குடல் நிற்பது மயக்க மருந்தின் வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, பெரும்பங்கு இல்லை. இது நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிட்ட சங்கதி.

1899இல் இங்கிலாந்தில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் நாய்களின் குடல் அசைவை ஆராய்ந்தார்கள். வயிற்றைத் திறந்தால் குடல் அசையாமல் கிடந்தது. முதுகுத்தண்டிலிருந்து குடலுக்கு வரும் ஸ்ப்ளாங்க்னிக் நரம்புகளை வெட்டியதும் அதே குடல் அசையத் தொடங்கியது. ஆக, குடல் சோர்ந்துபோய் நிற்கவில்லை. யாரோ பிரேக்கை மிதித்திருக்கிறார்கள். ஆபத்தைக் கண்டால் இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும் அதே சிம்பதெடிக் நரம்பு மண்டலம்தான் குடலில் பிரேக் போடுகிறது. ஓட வேண்டிய நேரத்தில் செரிமானம் எதற்கு என்பது உடலின் கணக்கு. வயிறு கிழிக்கப்படுவதை உடல் ஆபத்தாகத்தான் பார்க்கும். அது மருத்துவரின் கத்தி என்று அதற்குத் தெரியாது.

அடுத்து அமெரிக்காவில் வால்டர் கேனன். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறுவருடமே, 1896இல், மருத்துவ மாணவராக இருந்தபோதே அதைக் கொண்டு விலங்குகளின் செரிமானத்தை நேரடியாகப் பார்க்கத் தொடங்கியவர் அவர். 1906இல் மர்ஃபி என்பவருடன் சேர்ந்து, அறுவை சிகிச்சையில் எந்தப் படி குடலை நிறுத்துகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மயக்க மருந்து மட்டும் கொடுத்தால் பெரிய பாதிப்பு இல்லை. குடலைக் கையால் தொட்டுப் புரட்டியபோதுதான் உள்ளே இருந்தது நகராமல் நின்றது. எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் தாமதம் இருந்தது.

தொட்டதற்கா இவ்வளவு? விடை கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. குடலின் தசை அடுக்குகளுக்குள் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் தூங்குவதுபோல இருக்கின்றன. குடலைப் புரட்டும்போது இவை விழித்துக்கொள்கின்றன. அடுத்த சில மணி நேரத்தில் அபாயச் செய்தி பரப்பி, ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைத் தசைக்குள் வரவழைக்கின்றன. அவை சேர்ந்து வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு, ப்ரோஸ்டாகிளாண்டின் போன்றவை தசையைச் சுருங்கவிடாமல் தளர்த்திவைக்கின்றன. அதாவது குடல் சுவருக்குள்ளேயே ஒரு சின்ன அழற்சி. நரம்பின் பிரேக் முதல் சில மணி நேரங்களுக்கானது. வயிற்றைத் தைத்து முடித்ததும் அதன் பிடி தளர்ந்துவிடும். அழற்சியின் பிடி அதற்குப் பிறகுதான் இறுகும், நாள் கணக்கில் நீடிக்கும். தொட்ட இடத்தோடு இது நிற்பதுமில்லை. அழற்சியான பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி, கையே படாத இரைப்பையையும் பெருங்குடலையும் சேர்த்து அடக்கிவைக்கும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்குப் பிறகு குடல் சீக்கிரம் எழுந்துகொள்வதன் முக்கியக் காரணம், குடல்மேல் கை படுவது குறைவு என்பதுதான்.

இந்த இரண்டோடு மூன்றாவதாகச் சேருவது வலி மருந்து. மார்ஃபின், ஃபெண்டனில், டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மூளையில் எந்த வகை ஏற்பியில் (செல்லின்மேல் மருந்து வந்து ஒட்டும் இடம்) உட்கார்ந்து வலியைக் குறைக்கின்றனவோ, அதே வகை ஏற்பி குடலின் நரம்புப் பின்னலிலும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் அசெட்டைல்கோலின் வருவது குறையும். மேலே சொன்ன சம்மதம் மறுக்கப்படுகிறது. இதில் ஒரு சங்கடம்: வலியைக் கவனிக்காமல் விட்டாலும் சிம்பதெடிக் பிரேக் இறுகும், அதற்காக மார்ஃபினைக் கூட்டினாலும் குடல் நிற்கும். இந்த இடுக்கிலிருந்து வெளியே வரத்தான் பாராசிட்டமால், மேல் முதுகில் எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே செருகும் மெல்லிய குழாய்) வழியாக மரத்துப்போகும் மருந்து என்று வேறு வழிகளைக் கலந்து கொடுக்கிறார்கள். எபிடியூரல் இரட்டை லாபம்: வலியும் குறைகிறது, பிரேக் போடும் நரம்பும் மரத்துப்போகிறது.

நின்றால் என்ன ஆகும்

'அசையாவிட்டால் என்ன, சாப்பாடு கொடுக்காமல் நாலு நாள் விட்டால் சரியாகிவிடாதா' என்று தோன்றும். சாப்பிடாவிட்டாலும் குடல் காலியாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். சாதாரண நாளில் நாம் குடிப்பதும் உண்பதும் சேர்ந்து சுமார் 2 லிட்டர் திரவம். எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் தானே சுரக்கும் நீர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் 7 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 9 லிட்டர் அளவுக்குச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டரை மட்டும் பெருங்குடலுக்கு அனுப்புகிறது. ஓட்டம் நின்று, குடல் உப்பி, சுவர் இழுபட்டால் உறிஞ்சுவது குறையும், சுரப்பது கூடும். விழுங்கிய காற்றும் சேர்ந்துகொள்ளும். காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்; அது ரத்தத்துக்குள் எளிதில் போகாது, குடலிலேயே தங்கி வயிற்றை ஊதவைக்கும்.

இதன் விளைவு பார்ப்பவரை ஏமாற்றக்கூடியது. நீர் உடலைவிட்டு வெளியே போகவில்லை, அதனால் எடை குறையாது. வயிறு நிறைய நீர் இருக்கும்; ரத்த ஓட்டத்தில் நீர் இருக்காது. நாடி வேகமாகும், சிறுநீர் குறையும், நாக்கு வறளும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் மூச்சு மேலோட்டமாகும். தேங்கியது ஒரு கட்டத்தில் மேல்நோக்கி வரும். படுத்திருக்கும் நோயாளி அரைமயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போவதுதான் இதில் எல்லோரும் அஞ்சும் ஆபத்து.

அறுவையே இல்லாமலும் வரும்

வயிற்றையே தொடாதவர்களுக்கும் குடல் நிற்கலாம். கணைய அழற்சி, குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ், சிறுநீரகக் கல், முதுகெலும்பு முறிவு, நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா, உடல் முழுக்கப் பரவிய நோய்த்தொற்று, எல்லாமே குடலை நிறுத்தக்கூடியவை. கணையம் வீங்கும்போது அதை ஒட்டிக் கிடக்கும் ஒரே ஒரு குடல் வளையம் மட்டும் நின்று உப்பியிருப்பதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். பக்கத்து வீட்டில் தீப்பிடித்ததற்கு இங்கே கதவைச் சாத்திக்கொண்டது மாதிரி.

மருந்துகளும் உண்டு. பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள், மனநோய்க்கான க்ளோசபின், அசெட்டைல்கோலினைத் தடுக்கும் பல மருந்துகள், சில ரத்த அழுத்த மருந்துகள். க்ளோசபின் எடுத்துக்கொள்பவருக்கு மலச்சிக்கல் என்றால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. குடல் முழுவதுமாக நின்று உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் தனியாக நிறுத்திச் சொல்ல வேண்டியது பொட்டாசியம். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனால் தசை செல்களின் மின்னோட்டச் சமநிலை மாறி, சுருங்குவதற்கான தூண்டல் எட்டாமல் போகிறது. கடுமையான வயிற்றுப்போக்கு ஓய்ந்த குழந்தை, போக்கு நின்றுவிட்டதே என்று பெற்றோர் நிம்மதியடையும் நேரத்தில் வயிறு உப்பிச் சோர்ந்து கிடந்தால், போக்கில் பொட்டாசியம் முழுக்க வெளியேறி இப்போது குடல் நின்றுவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். பொட்டாசியம் ஏற்றியும் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தைப் பார்ப்பார்கள். மக்னீசியம் குறைவாக இருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியேவிட்டுக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்ததும் வேறு எதுவும் செய்யாமலே குடல் எழுந்துவிடுவது உண்டு.

நின்றதா, அடைத்ததா?

மருத்துவருக்கு இதில் உண்மையான தலைவலி இந்தக் கேள்விதான். நின்ற குடலுக்குப் பொறுமை மருந்து. அடைத்த குடலுக்குச் சில நேரம் பொறுமை விஷம், குறிப்பாக முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் அறுந்திருந்தால். இரண்டிலும் வயிறு உப்பும், வாந்தி வரும், காற்று பிரியாது.

வித்தியாசம் வலியின் குணத்தில் இருக்கிறது. அடைத்த குடல் முட்டி மோதிப் பார்க்கும். அதனால் வலி அலை அலையாக வந்து சுருட்டிப் பிடிக்கும், கொஞ்சம் விடும், மறுபடி பிடிக்கும். நின்ற குடல் எதையும் முயல்வதில்லை. அதனால் பெரிய வலி இல்லாமல் ஒரு பாரம், ஓர் அசௌகரியம், எப்போதும் குமட்டல். வலி தாங்க முடியாமல், ஒரே இடத்தில், விடாமல் இருந்தால் அதை இலியஸ் என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துச் சத்தம் கேட்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நின்ற குடல் மௌனமாக இருக்கும், அடைத்த குடல் உச்ச ஸ்தாயியில் கிணுகிணுக்கும் என்பது பாடப்புத்தகச் செய்தி. நடைமுறையில் ஒரே வயிற்றை இரண்டு மருத்துவர்கள் கேட்டு இரண்டு விதமாகச் சொல்வது சகஜம். சோதித்துப் பார்த்த ஆய்வுகளும் இதை நம்பகமான அளவுகோலாகக் காட்டவில்லை. தவிர, சத்தம் வருவதும் சரக்கு நகர்வதும் ஒன்றல்ல. இந்தக் குழாயைவிட 'காற்று பிரிஞ்சுதா' என்ற அந்தச் சங்கோஜமான கேள்வி மேல் என்பது என் கட்சி. அதிலும் மலம் போய், சாப்பிட்டது வாந்தி வராமல் நின்றால் இன்னும் உறுதி.

எக்ஸ்ரேயில் சிறுகுடல் 3 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அது உப்பியிருக்கிறது என்று பொருள். நின்ற குடலில் காற்று சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல் வரை எங்கும் பரவிக் கிடக்கும். அடைத்த குடலில் அடைப்புக்கு மேலே பூரிப்பு, கீழே சுருக்கம். இது தெளிவாக இல்லாதபோது சி.டி. ஸ்கேன். பெரியதாக இருந்த குடல் சட்டென்று சிறுத்துப்போகும் இடம் ஒன்று தெரிகிறதா என்று தேடுவார்கள். தெரிந்தால் அடைப்பு. தெரியாவிட்டால் ஸ்தம்பித்தல், கூடவே அதற்கு மூலகாரணமான சீழோ கணைய வீக்கமோ அதே படத்தில் அகப்படவும் கூடும்.

எழுப்புவது எப்படி

நேரடியாகச் சொன்னால், நின்ற சிறுகுடலைத் தட்டி எழுப்பும் மந்திர மருந்து இல்லை. நிறுத்தியதை நீக்கிவிட்டு, அது எழும்வரை உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நரம்பு வழியாக நீர், உப்புகளின் திருத்தம், நிறுத்தக்கூடிய மருந்துகளை நிறுத்துவது, உள்ளே தொற்று இருந்தால் அதைக் கவனிப்பது. சலைனையும் அளவோடுதான் ஏற்ற வேண்டும். அளவு மீறினால் குடல் சுவரே நீர்கோத்து வீங்கி, எழுவது இன்னும் தாமதமாகும்.

மூக்கு வழியாக இரைப்பைக்கு விடும் டியூபுக்கு ஒரு நீண்ட வரலாறு. 1930களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஓவன் வாங்கன்ஸ்டீன் அந்த டியூபோடு உறிஞ்சும் அமைப்பை இணைத்து, தேங்கியதை வெளியே எடுத்தபோது குடலடைப்பில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. அதன் பலனைப் பார்த்த மருத்துவ உலகம், வயிற்று அறுவை நடந்த எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக டியூப் போடத் தொடங்கியது. தொண்டை உறுத்தலோடு பல தலைமுறை நோயாளிகள் அதைச் சகித்தார்கள். பிறகு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லோருக்கும் டியூப் போடுவதால் குடல் சீக்கிரம் எழவில்லை, நுரையீரல் தொல்லைதான் கூடியது என்று தெரிந்தது. இப்போது வயிறு உப்பி வாந்தி எடுப்பவருக்கு மட்டும் போடுவதுதான் ஏற்கப்பட்ட முறை. அவருக்கு அது பெரிய நிம்மதி, மறுக்க வேண்டாம்.

பட்டினியும் அப்படித்தான். காற்று பிரியும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்ற விதியை, டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் முன்வைத்த துரித மீட்சி முறை கேள்விக்குள்ளாக்கியது. அறுவைக்கு முன் நீண்ட பட்டினி வேண்டாம், ஓபியாய்டு குறைவு, டியூப் இல்லை, அன்றோ மறுநாளோ எழுந்து உட்கார்வது, சீக்கிரமே வாய்வழி உணவு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன மாற்றம். சேர்த்துச் செய்தபோது மருத்துவமனையில் கிடக்கும் நாட்கள் கணிசமாகக் குறைந்தன. உண்மையில் அறுவைக்குப் பிறகு முதலில் எழுவதே சிறுகுடல்தான், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள். காற்று பிரிவது பெருங்குடல் எழுந்ததன் அடையாளம். ஆகவே கடைசியாக எழுபவருக்காகக் காத்திருந்து முதலில் எழுந்தவரைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தோம்.

சூயிங்கம் மெல்லச் சொல்வதைக் கேட்டுப் பலர் சிரிப்பார்கள். மென்றால் சாப்பாடு வருகிறது என்று மூளை நம்பி வேகஸ் நரம்பு வழியாகக் குடலுக்குச் சேதி அனுப்பும் என்பது இதன் தர்க்கம். சில ஆய்வுகளில், குறிப்பாக சிசேரியனுக்குப் பிறகு, பயன் தெரிந்தது. துரித மீட்சி முறை ஏற்கெனவே நடக்கும் இடங்களில் கூடுதல் பயன் பெரிதாகத் தெரியவில்லை. செலவும் ஆபத்தும் மிகக் குறைவு என்பதால் வேண்டுமானால் மெல்லலாம். நடை விஷயத்திலும் சின்னத் திருத்தம்: நடந்தால் குடல் எழும் என்பதற்கு நேரடிச் சான்று பலவீனம். ஆனால் காலில் ரத்தக்கட்டு வராமலிருக்கவும் நுரையீரல் விரியவும் நடை அவசியம் என்பதால், நர்ஸ் எழுப்பினால் எழுந்துவிடுவது நல்லது.

ஆல்விமோபன் என்ற மருந்து, குடலில் உள்ள ஓபியாய்டு ஏற்பியை மட்டும் மறித்து மூளையில் வலி நிவாரணத்தைத் தொடாமல் விடுகிறது. 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீண்ட நாள் பயன்பாட்டில் மாரடைப்பு குறித்த கவலை எழுந்ததால், மருத்துவமனைக்குள் குறுகிய காலம் மட்டும் என்ற கட்டுப்பாடோடு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும், இரைப்பையைத் தூண்டும் எரித்ரோமைசினும் இங்கே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நியோஸ்டிக்மின் என்ற ஊசி மட்டும் நின்ற குடலைச் சில நிமிடங்களில் எழுப்பிவிடும். ஆனால் அது பெருங்குடல் மட்டும் பூதாகரமாக உப்பும் ஓகில்வி நோய்க்கானது. 1999இல் வெளியான ஒரு சோதனையில் ஊசி போட்ட 11 பேரில் 10 பேருக்கு உடனே பலன் கிடைத்தது. இதயத் துடிப்பைத் தாழ்த்தக்கூடியது என்பதால் மானிட்டர் மாட்டாமல் அதைப் போடுவதில்லை.

எப்போது கவலைப்படுவது

பெருங்குடல் அறுவைக்குப் பிறகு நீண்டுபோகும் இலியஸ் சுமார் 10 முதல் 25 சதவீதம் பேருக்கு வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எண்கள் இப்படி அலைவதற்குக் காரணம், 'நீண்டது' என்று எதைச் சொல்வது என்பதில் ஆளுக்கொரு வரையறை இருந்ததுதான். நாலாவது நாளும் சாப்பாடு தங்கவில்லை, காற்றும் மலமும் இல்லை, வயிறு உப்பியே இருக்கிறது என்றால் இப்போது பெரும்பாலானவர்கள் அதை நீண்டது என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம் என்று மட்டும் இருக்காமல், குடலை இணைத்த தையலில் கசிவா, எங்காவது சீழ் கட்டியிருக்கிறதா, பொட்டாசியம் எங்கே நிற்கிறது, மார்ஃபின் இன்னும் ஓடுகிறதா என்று தேடத் தொடங்குவார்கள்.

தாமதத்தைவிட எனக்கு அதிகம் சந்தேகம் தருவது இன்னொன்று. காற்று பிரிந்தது, மலம் போனது, இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டார், வீட்டுக்கும் வந்துவிட்டார். ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ மறுபடி வயிறு உப்பிக் குமட்டுகிறது, காற்று நின்றுவிட்டது. எழுந்து வேலையைத் தொடங்கிய குடல் காரணமில்லாமல் திரும்பப் படுப்பதில்லை. தையல் கசிவோ, உள்ளே சீழோ, குடல் ஒட்டிக்கொண்டு புதிதாக உண்டான அடைப்போ இருக்கக்கூடும். கூடவே காய்ச்சல், நாடி வேகம், விடாத வலி, பச்சை நிற வாந்தி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காலை வரை காத்திருக்கும் விஷயமல்ல அது. மலமிளக்கி மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்கும் நேரமும் அல்ல. அறுவை செய்த இடத்துக்கே போய், எந்தத் தேதிவரை காற்று பிரிந்தது, எப்போது நின்றது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுக்க அந்தத் தகவல் வேண்டும்.